கந்துவட்டிக்காரருக்கும் கிருபை உண்டா?

வள்ளியூர்ப் பக்கத்து வாசகர் கேட்டது, மார்ச் 6

எங்கள் ஊரில் ஒருவர் மீட்டர் வட்டிக்குக் கொடுக்கிறவர். போன மாதம் கன்வென்ஷனில் மேடையேறி, 'கர்த்தர் என்னை இரட்சித்தார்' என்று அழுதுகொண்டே சாட்சி சொன்னார். திங்கட்கிழமை வழக்கம்போல வசூலுக்குப் போய்விட்டார். எங்கள் தெருவில் ஒரு இந்துப் பெரியம்மா இருக்கிறார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் குடம் தண்ணீரும் காப்பியும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். இரண்டு பேரையும் வைத்து எங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) கேட்டேன். 'கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், எபேசியர் 2:8' என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படியானால் வட்டிக்காரருக்கு மோட்சம், பெரியம்மாவுக்கு இல்லை. இதை நான் எப்படி நம்ப?

மார்ச் 6, இரவு

ஐயர் எட்டாம் வசனத்தோடு நிறுத்தியதுதான் குறை. அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே நிறுத்தவில்லை. 'ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல' என்று ஒன்பதில் சொல்லிவிட்டு, உடனே பத்தில் 'நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு' என்கிறார். நம் ஊரில் எட்டும் ஒன்பதும் சுவரில் எழுதப்படுகின்றன. பத்தை எழுதிய சுவரை நான் பார்த்ததில்லை.

கிருபை என்றால் தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவு, கிரியை என்றால் நாம் செய்யும் செயல். நற்கிரியை செய்ததனால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை. இரட்சிக்கப்பட்டவர் நற்கிரியை செய்யாமல் இருக்கவும் வழியில்லை. இரண்டையும் நான் முழு மனதோடு நம்புகிறேன்.

மார்ச் 7

சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, லூக்கா 19. எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, தலைவன். ஊரை உறிஞ்சிப் பணக்காரன் ஆனவன், நீங்கள் சொல்லும் ஆளுக்கு மிக நெருக்கமானவன். அவன் மரத்தில் இருக்கும்போதே, இன்னும் ஒரு காசு திருப்பிக் கொடுக்காதபோதே, இயேசு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு 'இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்' என்கிறார். அதுதான் கிருபை. ஊர் முறுமுறுத்தது, நீங்கள் இப்போது முறுமுறுப்பதைப்போல. அதில் தப்பில்லை. பறிகொடுத்தவர்களுக்கு முறுமுறுக்க உரிமை உண்டு.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப. இதைச் சொன்ன பிறகுதான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்ற வார்த்தை வருகிறது. காசைக் கொடுத்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை. வந்த இரட்சிப்பு அவன் கணக்கு நோட்டைத் திறக்க வைத்தது.

உங்கள் ஊர்க்காரர் மைக்கைக் கீழே வைத்த கையோடு அந்த நோட்டை எடுத்திருக்க வேண்டும். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, இரண்டு சின்னக் குழந்தைகளோடு, தீயில் வெந்தது. நான் நர்ஸாக வேலை பார்த்தவள், தீக்காய வார்டு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்தது. சட்டத்துக்கு அடங்காதவன் மனசைக் கிருபை தொடும் என்று நம்புகிறேன். தொட்டிருந்தால் கடன் வாங்கின வீடுகளுக்குத்தான் அது முதலில் தெரிந்திருக்கும்.

மார்ச் 7, பிற்பகல்

'அப்போ அவர் இரட்சிக்கப்படலைன்னு தீர்ப்பு சொல்றீங்களா அக்கா' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை. அது என் வேலை இல்லை. ஒருவேளை அடுத்த மாதம் நோட்டைத் திறப்பாராக இருக்கும். அதுவரைக்கும் அந்தச் சாட்சியை ஊர் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 9

கிரியையை நம்புகிறவர்கள் ஆர்.சி.காரர்கள்தான் (ரோமன் கத்தோலிக்கர்), உவரிக்கு நடந்துபோய் மொட்டை போட்டு மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். நாசரேத் பக்கத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, வடக்கன்குளம் பக்கம் ஆர்.சி. வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு வீட்டுச் சோறும் தின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் 1547-ல் வெளியிட்ட தீர்மானத்தில், தவறான போதனைமேல் சபை போடும் சாபங்களில் முதலாவதே, கிருபையில்லாமல் தன் கிரியையால் மனுஷன் நீதிமானாகலாம் என்கிறவனுக்குத்தான். நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வருகிற எதுவும், விசுவாசமோ கிரியையோ, அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. ஒன்பதாம் சாபம் 'விசுவாசம் மாத்திரம் போதும், மனசு ஒத்துழைக்க ஒன்றுமில்லை' என்பவர்கள்மேல் விழுந்தது. அங்கேதான் சபைச் சீர்திருத்தம் தொடங்கிய லூத்தர் பக்கத்தாரோடு முறிந்தது.

என் மாமியார் வருஷம் தவறாமல் உவரி அந்தோணியாருக்கு நடந்தே போவார்கள். வெறுங்கால்தான். கல்யாணமான புதிதில் நான் கேட்டேன், 'அத்தே, நடந்தா பாவம் போயிருமா?' அவர்கள் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். 'பாவத்தப் போக்க சேசு செத்தாச்சுல்லா. உம் மாப்பிள்ளைக்கு மூணு வயசுல காய்ச்ச வந்து பொழச்சான், அதுக்கு நன்றி சொல்ல நடக்கேன்' என்றார்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் கிருபைக்கு இத்தனை தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

எல்லா நேர்ச்சையும் இப்படி என்று சொல்ல வரவில்லை. 'இதைச் செய்கிறேன், அதைக் கொடு' என்று பேரம் பேசுகிறவர்களும் நடக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு வாரம் உபவாசம் இருந்து விசாவுக்குப் பேரம் பேசுகிறவர்கள் இல்லையா?

மார்ச் 9, இரவு

சுருக்கமாக. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் அவுக்ஸ்பூர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம் தகுதியால் எதுவும் இல்லை, கிருபையால் மாத்திரம் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைகளுக்கு அனுப்புகிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-ல் சேர்ந்தார்கள், சீர்திருத்த சபைகள் 2017-ல். உத்தரிக்கிற ஸ்தலம் (செத்த ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் இடம்) போன்றவற்றில் வித்தியாசம் இன்னும் உண்டு. ஆனாலும் கல்யாணப் பேச்சில் 'அவங்க கிரியைக்காரங்க' என்று சொல்லி ஒரு பெண்ணைத் தட்டிக் கழிக்க இனிமேல் இந்தக் காரணம் ஆகாது.

மார்ச் 12

இரட்சிப்பின் நிச்சயம், அதாவது நான் இரட்சிக்கப்பட்டேன் என்ற உறுதி, பற்றிக் கேட்டவருக்கு. இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பா உபதேசியார், கிராமச் சபைகளில் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். தேரிக்காட்டுக் கிராமங்களில் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டே ஊர் ஊராகப் போனவர்கள். எபேசியர் 2:8 அவர்கள் வாயிலிருந்துதான் நான் முதலில் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எங்கே ஆரம்பித்தாலும் அங்கே வந்து நிற்கும். பனையேறிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருப்பவர்களிடம், 'நீ ஏறி வரவேண்டாம்டே, அவர் இறங்கி வந்துட்டாரு' என்பார்கள்.

பக்கவாதம் வந்து படுத்த பிறகு அவர்களுக்கு ஒரு பயம் பிடித்தது. ராத்திரி விழித்துக்கொண்டு கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்ன ஊரில் இத்தனை குடும்பம் ஞானஸ்நானம், இன்ன ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஓலைக் கூரை, இன்னாரைக் குடியிலிருந்து மீட்டது. சொல்லி முடித்துவிட்டு, 'போதுமாம்மா?' என்று கேட்பார்கள். அவர்கள் வசனத்தையே நான் அவர்களுக்கு வாசித்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முதல் ஊரிலிருந்து ஆரம்பிப்பார்கள். வார்டில் எத்தனையோ பேர் சாகும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். சாவு நேரத்தில் கணக்குப் போடுகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. கணக்கே வேண்டாம் என்று பிரசங்கித்தவர் கணக்குப் போட்டதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் தேரிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பார்க்க வந்தாள். எழுத்து வாசனை கிடையாது. அப்பாதான் அவளை ஆயத்தப்படுத்தித் திருவிருந்துக்குச் சேர்த்தவர்கள். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து இந்தக் கணக்கு முழுவதையும் கேட்டாள். கடைசியில், 'ஏய்யா, எனக்குச் சொல்லிக்குடுத்தத நீங்க நம்பலியாக்கும்?' என்றாள். அப்பா அவளையே வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு அழுதார்கள். அன்றைக்கு ராத்திரி தூங்கினார்கள்.

அந்தப் பாட்டிக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கிருபையை ஒருவன் தனக்குத்தானே பிரசங்கித்துக்கொள்ள முடியாது, இன்னொருவர் வாயிலிருந்துதான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று அன்று தொட்டு நம்புகிறேன்.

மார்ச் 13

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. 'கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது.' லூத்தர் 1522-ல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் இதை வைக்கோல் நிருபம் என்றார். பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை, அது நல்லதுதான்.

பவுலும் யாக்கோபும் ஒரே ஆபிரகாமைத்தான் எடுக்கிறார்கள். பவுல் நிற்கும் இடம் ஆதியாகமம் 15: பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, ஆபிரகாம் நம்பினான், அது நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு நிற்கும் இடம் 22: பிள்ளை வளர்ந்து பலிபீடத்தில் கிடக்கிறான். நடுவில் எத்தனையோ வருஷம். அந்த வருஷங்களை விழுங்கிவிட்டுத்தான் நாம் சண்டை போடுகிறோம்.

யாக்கோபு யாரைத் திட்டுகிறார் என்பதையும் பாருங்கள். உடுத்தத் துணியில்லாமல் நிற்கிறவனிடம் 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று ஜெபித்து அனுப்புகிறவனை. அந்த ஆளை நமக்கெல்லாம் தெரியும்.

மார்ச் 16

பெரியம்மாவை நான் மறக்கவில்லை. கடினமான பாதி அதுதான் என்பதால் தள்ளிப்போட்டேன்.

ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது) 39 பிரமாணங்களில் 13-ஆவது, கிறிஸ்துவின் கிருபைக்கு முன் செய்த கிரியைகள் தேவனுக்குப் பிரியமானவை அல்ல, அவற்றில் பாவத்தின் தன்மை உண்டு என்கிறது. 1947-ல் சி.எஸ்.ஐ. உருவாகும்வரை திருநெல்வேலி திருமண்டலம் ஆங்கிலிக்கன்தான். அந்த வாசகத்தைப் பெரியம்மாவின் காப்பிச் செம்புக்கு நேராக வைத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்தப் பிரமாணம் எழுந்தது 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். தன்னால் முடிந்ததைச் செய்கிறவனுக்குக் கிருபை கொடுக்கத் தேவன் கடமைப்பட்டவர் என்று சில கல்விமான்கள் வாதித்தார்கள், அவர்களுக்குப் பதிலாக. அவர்கள் மனதில் இருந்தது பள்ளிக்கூட வாதம், நம் தெரு அல்ல.

வேதத்தில் கொர்நேலியு இருக்கிறான், அப்போஸ்தலர் 10. ரோம நூற்றுக்கதிபதி, ஞானஸ்நானம் பெறாதவன். அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் தேவசந்நிதியில் வந்தெட்டியிருக்கிறது என்று தேவதூதன் சொல்கிறான். அவை பாவத்தின் தன்மை உள்ளவை என்று தூதன் சொல்லவில்லை. ஆனால் அதோடு போதும் என்றும் சொல்லவில்லை, பேதுருவை அழைத்து வா என்கிறான். இரண்டும் அந்த அதிகாரத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட எனக்கு மனசில்லை.

பெரியம்மாவுக்கு என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால், அவரை உண்டாக்கினவர் அவரை நேசிக்கிறார், நியாயந்தீர்க்கிறவரும் அவரே. மத்தேயு 25-ல் வலதுபக்கம் நிற்கிறவர்களுக்குத் தாங்கள் செய்தது என்னவென்றே தெரியவில்லை. 'ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?' என்று கேட்கிறார்கள். கணக்கு வைக்காதவர்கள். இடதுபக்கத்தாருக்கும் அதே ஆச்சரியம்தான். அந்த அதிகாரத்தை வாசித்த பிறகு பக்கத்து வீட்டாரின் மோட்சத்தைப்பற்றி உறுதியாகப் பேச எனக்கு வாய் வராது.

மார்ச் 19

வைணவத்திலும் இதே வாதம் உண்டு என்று ஆழ்வார்திருநகரியிலிருந்து எழுதிய ஐயங்கார் மாமாவுக்கு நன்றி. கிறிஸ்தவர்கள் மட்டும்தான் இதில் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது நல்ல பதில். வடகலையார் சொல்வது குரங்குக்குட்டி: தாய் தாவும்போது குட்டி தானும் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் சொல்வது பூனைக்குட்டி: தாயே கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். நம்மாழ்வார் பிறந்த தாமிரபரணிக் கரையிலும் நாங்குநேரி வானமாமலை மடத்திலும் பூனைக்குட்டிப் பக்கம்தான் பெலம். கிருபை என்ற செய்தி கப்பலில் வருவதற்கு வெகுகாலம் முன்னாலேயே இந்த மண் அதைப்பற்றித் தர்க்கம் பண்ணியிருக்கிறது.

அதனால்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். 1827-ல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். ஆங்கிலேயர் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் வந்தது. அந்தக் கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். முதுகிலிருக்கும் பாவச்சுமை சிலுவையடியில் தானாகக் கழன்று விழுகிறது, பயணியின் கை அதில் படவில்லை. அது விழுவது கதையின் தொடக்கப் பகுதியில். மலை, பள்ளத்தாக்கு, சந்தை, சிறை எல்லாம் அதற்குப் பிறகுதான். சுமை இறங்கிய பிறகும் அத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, நடக்க முடிகிறதும் சுமை இறங்கியதால்தான்.

இரண்டும் ஒன்றேதான் என்று மாமா முடித்ததில் எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்குக் கிருபை என்பது பொந்தியு பிலாத்துவின் நாளில், எருசலேமுக்கு வெளியே, இரத்தம் சிந்தி நடந்தது. அதை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மார்ச் 20

அப்பாவைப்பற்றி நான் எழுதியதை என் கூடப்பிறந்த தம்பி வாசித்துவிட்டு போன் பண்ணினான். 'ஒண்ண விட்டுட்டியே' என்றான். அந்தக் கணக்கில் ஒரு பெயர் மட்டும் வேறு மாதிரி வரும். ஒரு வரப்புத் தகராறில் அப்பா ஒருவரைச் சபைக்கு முன்னால் கடுமையாகப் பேசிவிட்டார்கள், அவர் அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பாட்டி வந்துபோன பிறகு மற்ற ஊர்க் கணக்கெல்லாம் நின்றது. இந்தப் பெயர் நிற்கவில்லை. தம்பிதான் போய் அவரைக் கூட்டி வந்தான். அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொன்னதாக நினைவில்லை என்கிறான்.

நேற்றிலிருந்து இதையே யோசிக்கிறேன். மற்ற கணக்கெல்லாம் பயத்தில் போட்டது, இது மட்டும் அன்பில் போட்டது. பயத்தின் கணக்கைக் கிருபை அழித்தது. அன்பின் கணக்கை அழிக்காமல், தீர்க்கச் சொல்லி ஆள் அனுப்பியது. 12-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள்.

மார்ச் 23

மிஷனெரிகள் ஆத்துமாவைப் பார்த்தார்களா, பள்ளிக்கூடம் கட்டினார்களா என்ற கேள்வி. ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு 1820-ல் வந்தார். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலை அவரைப்போல அழுத்திப் பிரசங்கித்தவர் குறைவு. அவரேதான் 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார், விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுப்பதற்காக. அவருக்கு இரண்டும் ஒரே வேலை.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவையும் சொல்ல வேண்டும். குழந்தைகளை மீட்டு வளர்த்தபோது, இது சுவிசேஷ வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். ஓடி ஓடி வேலை செய்தவர் ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையில். கிரியைதான் ஒருவரைத் தாங்குகிறது என்றால் அந்த இருபது வருஷம் அவரைத் தாங்கியது எது? நோயாளிகளோடு காலம் கழித்தவளாக இந்தக் கேள்வி எனக்கு முக்கியம். உழைக்க முடியாமல் போனவர்களுக்கு மதிப்பில்லாத இரட்சிப்பு எனக்கு வேண்டாம்.

மார்ச் 24

கோயில் ஃபேனில், பெஞ்சில், டியூப்லைட்டில் 'அன்பளிப்பு இன்னார்' என்று எழுதுவது தவறா? தவறு என்பேன். 'ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு' என்ற ஒன்பதாம் வசனத்தைச் சுவரில் எழுதிவிட்டு அதற்குக் கீழேயே ஃபேனைச் சுற்றவிடுகிறோம். இந்தியன் மிஷனெரி சங்கம் 1903-ல் தொடங்கியபோது நம் ஊர்ப் பெண்கள் சமைக்கும் அரிசியில் கைப்பிடி எடுத்து வைத்துத்தான் ஊழியரை அனுப்பினார்கள். எந்தக் கைப்பிடி யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

அசனப் பண்டிகைக்கு (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு) வட்டிக்காரர் கிடா கொடுக்க முன்வந்தால் கமிட்டி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வாங்க வேண்டாம். அதை விற்று, கொடுக்கவேண்டியவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அவரைப் பந்தியில் உட்காரச் சொல்லுங்கள். சோறு போடுங்கள்.

மார்ச் 28

தென்காசியிலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சிக்கு. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் 'இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா?' என்று கேட்கிறார்கள், அம்மா அழுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். சங்கடப்பட வேண்டாம், டியூட்டி நர்ஸிடம் சொன்னால் அவளே நிறுத்துவாள். அந்தக் கேள்வி பலவீனமான ஒருவரைத் தன்னையே தோண்டிப் பார்க்க வைக்கிறது. காய்ச்சலும் மருந்து மயக்கமும் இருக்கும்போது உள்ளே தோண்டினால் பயம்தான் கிடைக்கும். கிறிஸ்துவைப் பார்க்கச் சொல்ல வேண்டியவர்கள் அம்மாவை அம்மாவையே பார்க்கச் சொல்கிறார்கள்.

யோவான் 6:37 போதும். 'என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.' மெதுவாக, காதோரம், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை. விளக்கம் வேண்டாம். அம்மாவுக்குப் பழக்கமான கீர்த்தனை இருந்தால் பாடுங்கள், உங்களுக்குக் குரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முடிந்தால் நீங்கள் வாசிப்பதைவிட, அம்மாவிடமிருந்து விசுவாசத்தைக் கற்றுக்கொண்ட யாரையாவது கூட்டி வந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், 'யாரையாவது பாக்கணும்போல இருக்காம்மா?' என்று. பெயர் சொன்னால் தாமதிக்காதீர்கள். அன்றைக்கே ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டி வாருங்கள்.